நீனு, நீவு, நூற்று அறுபத்து நாலு பேர்

கோகிலவாணி கன்னடம் சொல்லிக்கொடுத்து மாதம் பதினாறாயிரம் ரூபாய் சம்பாதித்தாள். அவளுக்குக் கன்னடம் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பன்னிரண்டாவது வரை காரிமங்கலத்தில் தமிழில் படித்தவள். கன்னடம் வீட்டில் பேசுவது. பிறந்த வீட்டிலும் அதுதான், கட்டிக்கொண்டு வந்த வீட்டிலும் அதுதான். அவர்களுடைய ஆட்கள் எந்தக் காலத்தில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள் என்று கேட்டால், “அப்பவே வந்துட்டோமுங்க” என்பதோடு சரித்திரம் முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு கவிப்பிரியாவால் ஆரம்பித்தது இது. அவள் பெங்களூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. “அக்கா, இந்த கலர் வேற சைஸுல இல்லைங்கறத எப்பிடிச் சொல்றது?” என்று காலையில் ஃபோன் செய்வாள். கோகிலவாணி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். கவிப்பிரியாவின் ஹாஸ்டலில் இருந்த ஆறு பெண்கள் அதைக் கேட்டார்கள். அவர்களுடைய அண்ணன்மார் கேட்டார்கள். முப்பது பேர் ஆனதும் ரீசார்ஜுக்கு ஆளுக்கு ஐம்பது கேட்டாள், கொடுத்தார்கள். நூறு கேட்டாள், அதையும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் நூற்று அறுபத்து நாலு பேர். டிரைவர்கள், வாட்ச்மேன்கள், கொத்தனார்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஒரு பல் டாக்டர். பாதிப் பேர் தர்மபுரி மாவட்டம். எல்லோரும் மாதம் ஒன்றாம் தேதி, யாரும் கேட்காமல், நூறு ரூபாய் அனுப்பிவிடுவார்கள்.

பாடம் காலை ஆறு மணிக்கு வரும். சமையலறையில் அரிசி டப்பாவின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, “வணக்கமுங்க, இன்னிக்கு பாடம் நூத்திப் பன்னெண்டு, மெடிக்கல் ஷாப்புல பேசறது எப்பிடின்னு பாக்கலாமுங்க” என்று தொடங்குவாள். மூன்று நிமிடம். அவள் குரல் பெயருக்கு நேர்மாறானது. கல் உடைக்கிற இடத்தில் வளர்ந்த மாதிரி இருக்கும். பின்னால் மாமியார் ருத்ரம்மா கோழியைத் திட்டுவதும், புருஷன் மாது தன் டெம்போவைக் கிளப்ப முயல்வதும் கேட்கும். அதையெல்லாம் வெட்டி எடுக்க அவளுக்குத் தெரியாது.

மாதுவுக்கு இந்த வருமானம் பிடிபடவில்லை. அவன் பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவன். டீசலும் டயரும் போக அவனுக்கு மிஞ்சுவது சில மாதங்களில் அவளுடையதைவிடக் குறைவு.

“நாம சும்மா பேசறதுக்கு எதுக்குடி காசு குடுக்கறாங்க?” என்று கேட்டார் ருத்ரம்மா.

“அவங்களுக்குத் தெரியாது, அத்தெ. நமக்குத் தெரியும்.”

“நம்ம நாய்க்குக்கூடத்தான் கன்னடம் தெரியும்.”

அது உண்மைதான். அந்த நாய் தமிழில் கூப்பிட்டால் திரும்பாது.

கோகிலவாணி தமிழில் மிகவும் மரியாதையானவள். பால்காரருக்கும் ‘ங்க’, பஸ் கண்டக்டருக்கும் ‘ங்க’. குரூப்பில் இருந்த பத்தொன்பது வயதுப் பையனைக்கூட “சொல்லுங்க தம்பி” என்பாள். மாதுவிடம் தமிழில் பேசும்போது “வாங்க, போங்க” என்பாள். வீட்டுக்குள் கன்னடத்துக்கு மாறியதும் அதே வாய் “பா, ஹோகு” என்று அவனை வா, போ என்னும். ருத்ரம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் ‘நீனு’, அதாவது நீ. அதில் யாரும் எதையும் கவனித்ததில்லை. கோகிலவாணியும் கவனித்ததில்லை.

மாசி மாதம் ஒரு நாள் பத்து மணிக்குப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது தமிழ்ச்செல்வனிடமிருந்து ஃபோன் வந்தது. மொரப்பூர் பக்கத்துப் பையன். பெங்களூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டில் வாட்ச்மேன். பாடத்தைக் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகி, பேசி அனுப்பிச் சரிபார்த்துக்கொள்கிற ஒரே மாணவன்.

“அக்கா, வேலை போச்சுங்க.”

“என்ன தம்பி ஆச்சு?”

“பாடம் பதினாலு பேசினேனுங்க.”

பாடம் பதினாலு, கேட்டில் நிற்பவர் வருகிறவர்களிடம் பேசுவது. அன்று காலை குளிருக்குக் குரங்குக் குல்லா போட்டு முகமெல்லாம் மூடிக்கொண்டு ஒரு அம்மா நடந்து வந்திருக்கிறார். தமிழ்ச்செல்வன் பாடத்தில் உள்ளபடியே கையை நீட்டி மறித்து, “ஏய், நில்லு. நீனு யாரு? யார் மனெகெ ஹோக்தியா?” என்று, நீ யார், யார் வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்டிருக்கிறான். அந்த அம்மா குல்லாவைக் கழற்றினார். குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி வனஜாட்சி மேடம். யார் வந்தாலும் கேட்டில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று விதி போட்டவரே அவர்தான். தமிழ்ச்செல்வன் உடனே முகத்தை மலர்த்திக்கொண்டு பாடத்தின் அடுத்த வரியையும் சொன்னான்: “சரி, ஹோகு. மெத்தகெ ஹோகு.” மெதுவாகப் போ என்று. வயசானவர் என்ற அக்கறையில் சொன்னது.

பத்து நிமிடத்தில் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்துவிட்டார். வாட்ஸ்அப் பாடத்தில் படித்தபடிதான் பேசினேன் என்று அவன் சொன்னது எடுபடவில்லை.

“இதுல என்ன தம்பி தப்பு?” என்றாள் கோகிலவாணி. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“நீனுன்னு சொல்லக் கூடாதாமுங்க. நீவுன்னு சொல்லணுமாம். ஹோகுன்னா போடாங்கற மாதிரியாம். ஹோகின்னு சொல்லணுமாம். நான் பெரியவங்கள வாடி போடின்னு பேசிட்டனாமுங்க அக்கா.”

தமிழ்ச்செல்வன் அழவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றும் சொல்லவில்லை. “நாந்தான் எங்கயோ சரியாக் கேக்காம வுட்டுட்டேன் போல” என்றான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புளியை அப்படியே விட்டுவிட்டு மாமியாரிடம் போனாள்.

“அத்தெ, நீவுன்னா என்ன?”

ருத்ரம்மா கொஞ்சம் யோசித்தார். “அது பெரிய மனுசங்க பேசற கன்னடம். எங்க அக்காவைப் பொண்ணு பாக்க கொள்ளேகால்லருந்து ஒரு கூட்டம் வந்துச்சு. வந்ததுலருந்து எங்க அப்பனை நீவு, நீவுன்னாங்க. அவங்களுக்கு நம்ம மேல என்னமோ மனத்தாங்கல்னு நெனச்சு எங்கப்பன் பொண்ணே குடுக்கல.”

“அது மரியாதைக்குச் சொல்றது, அத்தெ.”

“மரியாதைன்னு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல” என்றார் ருத்ரம்மா. அக்காவுக்குப் பிறகு வாய்த்த மாப்பிள்ளை சரியில்லை.

கோகிலவாணி சமையலறைக்கு வந்து பழைய பாடங்களைக் கேட்டாள். ஒன்று, இரண்டு, பத்து, நாற்பது. எல்லாவற்றிலும் நீனு. வீட்டு ஓனரிடம் வாடகை பேசும் பாடத்தில் நீனு. பேங்கில் நீனு. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் பாடத்தில் இன்ஸ்பெக்டருக்கு நீனு. ஒன்றரை வருடமாக நூற்று அறுபத்து நாலு பேரைப் பெங்களூருக்குள் அனுப்பி, அந்த ஊரையே வாடா போடா என்று பேச வைத்திருக்கிறாள்.

அன்று மதியம் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டாள். “வணக்கமுங்க. இது பாடமில்லைங்க. நான் சொல்லிக்குடுத்தது வூட்டுல பேசற கன்னடமுங்க. வெளிய அப்பிடிப் பேசக்கூடாதாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இந்த மாசக் காசைத் திருப்பி வேணுங்கறவங்க சொல்லுங்க, அனுப்பிடறேன். போறவங்க போலாமுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். சிறிது நேரத்தில் அது அதிர ஆரம்பித்தது.

முதலில் முருகேஷ். கால்டாக்சி ஓட்டுகிறவர். “அதனால ஒண்ணுமில்லைங்க. போன ஆடியில ஒரு டிராஃபிக் போலீஸ்கிட்ட நீ வா, வந்து எம்பக்கத்துல உக்காருன்னு சொல்லிட்டேன். ஐநூறு ஃபைன் போட்டாரு. நான் சீட்டு பெல்ட்டுக்குப் போட்டாருன்னு நெனச்சுட்டிருந்தேன். இப்பத்தான் புரியுது.”

அடுத்து எழிலரசி, ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவள். “எங்க வூட்டு ஓனரம்மா நான் பேசினாப் போதும், அவங்க தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டு, இந்தா பேசு பேசுன்னு எங்கிட்ட குடுப்பாங்க. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. எனக்குக் கன்னடம் நல்லா வருதுன்னு சந்தோசப்படறாங்கன்னு இருந்தேனுங்க அக்கா.”

பல் டாக்டர் எழுதியிருந்தார்: “நான் வாயைத் திற என்று சொன்னால் நோயாளிகள் உடனே திறந்தார்கள். பயத்தில் என்று இப்போதுதான் தெரிகிறது.”

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒன்றரை வருடமாக ஆளாளுக்குத் தனித்தனியாகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள். பேங்கிலிருந்து வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் உச்சரிப்புதான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மறுபடி மறுபடி அதே பாடத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

பெரியண்ணன் மட்டும் வேறு மாதிரி சொன்னார். அவர் தள்ளுவண்டியில் கொத்தமல்லி, கீரை விற்கிறவர். “எனக்கு வியாபாரமே இதனாலதானுங்க. நான் பேசறதக் கேட்டு, இவன் கல்மிசமில்லாத காட்டுக்காரன், கீரை சொந்தமா வெளைவிச்சு எடுத்தாறான்னு நெனச்சுக்கிட்டு வெலையே கேக்கறதில்ல. மார்க்கெட்டுலதான் வாங்கறேன், அது வேற விசயம். தயவு செஞ்சு எனக்கு மாத்திராதீங்க.”

காசைத் திருப்பிக் கேட்டது அஞ்சு பேர். அதில் ஒருவர் ஒரு மணி நேரம் கழித்து, தெரியாமல் கேட்டுவிட்டதாகச் சொல்லி மறுபடி அனுப்பிவிட்டார்.

அதற்காக அவள் சும்மா இருந்துவிடவில்லை. செக்ரட்டரி அம்மாவை நேரில் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தாள். “நீங்க எதுக்குங்க அக்கா” என்று தமிழ்ச்செல்வன் தடுத்தான். “நான் சொன்ன வார்த்தைக்கு உங்களுக்கு வேலை போச்சு. நாந்தான் வரணும்” என்றாள். ஆனால் போய்ப் பேசுவதற்கு நீவு வேண்டும். அவள் வாயில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஃபோனில் ஒரு கன்னட சீரியலைப் பிடித்துப் போட்டாள். அதில் மருமகள் மாமியாரை எந்நேரமும் நீவு என்றாள். கன்னத்தில் அறைகிறபோதுகூட நீவுதான். மூன்று நாளில் பதினோரு எபிசோடு பார்த்து முடித்தாள். கேட்டால் மட்டும் போதாது, பேசிப் பழக வேண்டும். வீட்டில் இருந்தது மாதுவும் ருத்ரம்மாவும்.

முதல் நாள் மதியம் மாது சந்தையில் லோடு இறக்கிவிட்டு வந்து கை கழுவினான். கோகிலவாணி தட்டை வைத்து, சீரியலில் வருகிற மாதிரியே தலையைக் கொஞ்சம் சாய்த்து, “நீவு ஊட்ட மாட்தீரா?” என்றாள். நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று.

மாது அவளைப் பார்த்தான். சத்தம் போடாமல் சாப்பிட்டான். வழக்கமாக மூன்றாவது தடவை களி கேட்பவன், இரண்டோடு எழுந்துவிட்டான்.

சாயங்காலம், “நீவு டீ குடியுத்தீரா?” என்றாள். மாது டீயைக் கையில் வாங்கிக்கொண்டு டெம்போ பக்கம் போய்விட்டான்.

மறுநாள் காலை அவள், “நீவு யாவாக பர்த்தீரா?” என்று, எப்போது திரும்பி வருவீர்கள் என்றுதான் கேட்டாள். மாது டெம்போ சாவியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“குக்கர் விசயம் உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“எந்த குக்கர்?”

“தெரியாத மாதிரி கேக்காத. தங்கச்சி கேட்டா, குடுத்துட்டேன். அஞ்சு லிட்டர் ஒண்ணு வாங்கித் தரலாம்னுதான் இருந்தேன். அதுக்காகப் புருசனை இப்பிடி அந்நியன் மாதிரி பேசணுமா?”

ஒரு வருடத்துக்கும் மேலாகக் காணாமல் போன குக்கர் அது. அது தொலைந்ததற்காக ருத்ரம்மா இருபது பாடங்களின் பின்னணியில் ஊரில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டியிருந்தார். அந்த விசாரணையை எழிலரசி உள்பட பலர் தினமும் கேட்டுக்கொண்டு வந்தார்கள். “குக்கர் கெடச்சுதுங்களா அக்கா?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கோகிலவாணி அதை வேறு நாளுக்கு ஒதுக்கி வைத்தாள். பாடம் முக்கியம்.

ருத்ரம்மாவிடம் இது இன்னும் மோசமாகப் போயிற்று. “அத்தெ, நீவு மாத்ரெ தகொண்ட்ரா?” என்று மாத்திரை சாப்பிட்டீர்களா என்று மருமகள் கேட்டதும், ருத்ரம்மா தன் வெற்றிலைப் பெட்டி, போர்வை, ஆதார் அட்டை மூன்றையும் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

“தனிக் குடித்தனம் போறதுன்னு முடிவு பண்ணிட்டே. நேராச் சொல்லிடு. நான் எம்மவ வூட்டுக்குப் போறேன். குக்கரும் அங்கதான் இருக்குதாம்.”

விஷயத்தை விளக்கி உள்ளே கூட்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு கோகிலவாணி மாட்டிடம் மட்டும் பேசிப் பழகினாள். மாட்டுக்கு ஆட்சேபம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் மாறி, பதினொரு மணிக்கு பெங்களூர் போய்ச் சேர்ந்தாள். தமிழ்ச்செல்வன் இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தான். வழியெல்லாம் அவள் உதட்டுக்குள் மூன்று வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். பக்கத்து சீட்டுப் பெண், ஏதோ மந்திரம் என்று நினைத்து, எந்தக் கோயில் என்று கேட்டாள்.

வனஜாட்சி மேடத்துக்கு அறுபது வயதிருக்கும். பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்க அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ‘செக்ரட்டரி’ என்று மூன்று மொழிகளில் பலகை இருந்தது.

கோகிலவாணி கையைக் கூப்பினாள். “நமஸ்கார மேடம். தப்பு நந்து. நீவு க்ஷமிசபேக்கு.”

தப்பு என்னுடையது, நீங்கள் மன்னிக்க வேண்டும். ஒரு எழுத்து பிசகவில்லை. தமிழ்ச்செல்வன் மூச்சு விட்டான். வனஜாட்சியின் முகம் கொஞ்சம் இளகியது. கன்னடத்திலேயே உட்காரச் சொன்னார். வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள் என்பதைப் பார்த்து, “காபி குடிக்கிறீர்களா?” என்றும் கேட்டார்.

இது ஒத்திகையில் இல்லை. கோகிலவாணியின் வாய், முப்பத்தாறு வருடமாக இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லி வந்ததோ அதைச் சொன்னது. “பேட தாயி, நீனு குடி.”

வேண்டாம் தாயே, நீ குடி.

தமிழ்ச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஓ” என்றார் வனஜாட்சி. “பாடம் நடத்தற டீச்சர் நீங்கதானா?”

அதற்கு மேல் ஒளிக்க ஒன்றும் இல்லை. கோகிலவாணி தனக்குத் தெரிந்த கன்னடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். ஊர், வீடு, கவிப்பிரியா, அரிசி டப்பா, நூற்று அறுபது சொச்சம் பேர். “எங்க வூட்டுல யாருமே நீவுன்னு சொல்றதில்ல. மாதேஸ்வரசாமியையே நீனுன்னுதான் கும்பிடறோம். சாமிக்கு இதுவரைக்கும் கோவம் வந்ததில்ல.”

“நான் சாமி இல்லை” என்றார் வனஜாட்சி. “நான் செக்ரட்டரி. எனக்குக் கோபம் வரும்.”

“அதுவும் சரிதான்” என்றாள் கோகிலவாணி.

வனஜாட்சி அந்தப் பாடத்தைக் கேட்க வேண்டும் என்றார். தமிழ்ச்செல்வன் பாடம் பதினாலைப் போட்டான். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பேங்கில் மூன்று வருடம் சேலத்தில் இருந்தவர். முழுவதும் கேட்டார். பிறகு, “அடுத்தது போடு” என்றார். அதையும் கேட்டார். ஒவ்வொன்றாக அறுபத்தேழு வரை வந்துவிட்டார். அதற்குள் காபி வந்து, கோகிலவாணி அதைக் குடித்து முடித்து, மணி மூன்றும் ஆகியிருந்தது.

“பின்னாடி குக்கர், குக்கர்னு ஒருத்தர் கத்தறாங்களே, யார் அது?”

“எங்க அத்தெ.”

“கிடைச்சுதா?”

“நாத்தனார் வூட்டுல இருக்குது. மூணு நாளைக்கு முன்னாலதான் தெரிஞ்சுது.”

“பாடம் எழுபதுலயே எனக்கு சந்தேகம் வந்திருக்கும்” என்றார் வனஜாட்சி, இன்னும் எழுபதைக் கேட்காமலே.

அவர் சிரிக்கவில்லை. கேட்டில் வேறு ஆள் போட்டாகிவிட்டது, அவனை எடுக்க முடியாது என்றார். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு இடம் காலி. அங்கே இந்தப் பையன் வரலாம். ஏஜென்சியில் தானே சொல்கிறேன் என்றார். அங்கே பேச யாரும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். எழுந்துகொண்டபோது, “உங்க குரூப்புல சேர எவ்வளவு?” என்று கேட்டார்.

“மேடம், உங்களுக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் கன்னடம் தெரியுமே.”

“எனக்குத் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாதே. யாராவது பார்த்துக்கணும்.” நூறு ரூபாயை அங்கேயே அனுப்பினார்.

அந்த வாரத்திலிருந்து பாடம் இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் கோகிலவாணி முதலில் வீட்டுக் கன்னடத்திலும், பிறகு அவள் பெயர் வைத்த ‘கேட்டுக் கன்னடத்திலும்’ சொன்னாள். பெரியண்ணன் இரண்டாவதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. பல் டாக்டர் இரண்டாவதற்கு மாறினார். மாறிய பிறகு நோயாளிகள் வாயைத் திறக்க யோசிப்பதாகச் சொன்னார். நல்ல சத்தத்துக்காக ஒரு மைக் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் பேசிப் பார்த்தாள். எட்டுப் பேர் தனித்தனியாக, “அத்தைக்கு ஒடம்பு சரியில்லைங்களா, சத்தமே காணோம்?” என்று கேட்டார்கள். மைக்கை மாதுவின் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக குக்கரை வாங்கி வந்தாள்.

காலை ஆறு மணிக்குப் பாடம் வந்தால், ஆறு ஏழுக்கு வனஜாட்சி மேடத்தின் திருத்தம் வரும். “மூன்றாவது வாக்கியத்தில் ‘கொடு’ என்று சொல்லக் கூடாது. ‘கொடி’.” “இது மரியாதைக் குறைவு.” “இதுவும்.” ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை. குரூப்பில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தமிழ்ச்செல்வன் மட்டும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே கைகூப்பும் படம் போட்டான்.

ருத்ரம்மா இதைப் பத்து நாள் பொறுத்துக்கொண்டார். பதினொன்றாம் நாள், கோகிலவாணி அடுப்பில் பாலைப் பார்க்கத் திரும்பியபோது, அரிசி டப்பாவின் மேலிருந்த ஃபோனை எடுத்து, மருமகள் அழுத்துகிற இடத்திலேயே விரலை அழுத்திக்கொண்டு பேசினார். கோகிலவாணி ஓடிவந்து பிடுங்குவதற்குள் விரலை எடுத்துவிட்டார், போய்விட்டது.

“ஏம்மா, தினமும் காத்தால எம்மருமவளுக்குத் தப்புத் தப்புன்னு சொல்றியே, யாரு நீ? பொழுது விடிஞ்சா இதே வேலையா இருக்கறியே, உன்ற வூட்டுல உன்னை யாராவது கேக்கறாங்களா? ஊட்ட ஆய்தா நிந்து? சாப்ட்டயா மொதல்ல?”

முழுக்க முழுக்கக் கன்னடத்தில். முழுக்க முழுக்க நீனு.

ஆறு ஏழு ஆனது. திருத்தம் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. கோகிலவாணி பாலைப் பொங்க விட்டுவிட்டாள். குரூப்பில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக் குறி காட்டியது. ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. கீழ்த்தளத்து வேலையும் போய்விட்டது என்று தமிழ்ச்செல்வன் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். இன்னும் போகவில்லை, போகப்போகிறது என்று திருத்தி இன்னொன்று அனுப்பினான்.

ஏழேகாலுக்கு வனஜாட்சி மேடத்தின் குரல் வந்தது. நாலு நொடிதான். பின்னால் ஒரு டம்ளரை வைக்கிற சத்தம். எப்போதும்போலக் கறாரான குரல் இல்லை அது. இப்போதுதான் படுக்கையிலிருந்து எழுந்தவரின் குரல் மாதிரி இருந்தது.

“நந்து ஆய்து. நிந்து?”

என்னுடையது ஆயிற்று. உன்னுடையது?

ருத்ரம்மா அதை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். “இப்பத்தான் மனுசி மாதிரிப் பேசறா” என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனார்.

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. தமிழ்ச்செல்வன்.

“அக்கா, செக்ரட்டரி மேடமே நிந்துங்கறாங்க. இனிமே நானும் அவங்ககிட்ட அப்பிடியே பேசலாமுங்களா?”

“வேண்டாமுங்க தம்பி” என்றாள் கோகிலவாணி அவசரமாக. “நீங்க பேசாதீங்க. நீங்க வண்டியப் பாருங்க.”